டிரினிடாட் கார்னிவல்: படத்துக்குக் கீழே எழுத வேண்டியவை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிப்ரவரி, மார்ச் வந்தால் தமிழ் நாளிதழ்களின் உலகச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். தலையில் இறகு, உடம்பெல்லாம் மினுக்கும் கல், வாய் நிறையச் சிரிப்பு. கீழே இரண்டே வரி: கரீபியன் தீவில் கார்னிவல், மக்கள் ஆடிப்பாடி மகிழ்ந்தனர். சில நேரங்களில் அந்தப் படமே ரியோ டி ஜெனிரோவில் எடுத்ததாக இருக்கும். திருவாரூர் ஆழித்தேரைப் பற்றி 'மக்கள் கயிறு இழுத்தனர்' என்று மட்டும் ஒருவர் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? டிரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயின் வீதியில் அந்த இரண்டு நாள் நடப்பது, ஆண்டு முழுக்க நடந்த சுத்தியல் வேலை, கம்பி வேலை, தையல் வேலையின் கடைசிக் கட்டம். எழுத வேண்டிய செய்தி அந்த வேலையில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

முதலில் ரியோ குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரியோவின் பெரிய அணிவகுப்பு, 1984-இல் அதற்கென்றே கட்டப்பட்ட சம்பாட்ரோம் என்ற நீண்ட அரங்கின் நடுவே நடக்கிறது. பார்வையாளர்கள் சீட்டு வாங்கி இருபுறமும் உட்கார்ந்திருப்பார்கள். மாடி உயர அலங்கார வண்டிகள் வரும். தாளக்காரர்கள் அணியோடு நடந்தபடியே வாசிப்பார்கள். டிரினிடாட்டில் ஒரு குழுவுக்குப் பணம் கட்டி உடை வாங்கிய யாரும் ஊர்வலத்தில் இறங்கலாம். வங்கி எழுத்தர், பள்ளி ஆசிரியை, நியூயார்க்கிலிருந்து விடுப்பில் வந்தவர் எல்லாம் அதில் உண்டு. இதைத்தான் அவர்கள் 'மாஸ் ஆடுவது' என்கிறார்கள். அங்கே உடைக்கு மதிப்பே ஒரு மனித உடம்பு அதைச் சுமந்து ஆடுவதில்தான்; ரியோவின் மாடி வண்டிகளுக்கு இங்கே வேலையில்லை. பாட்டு, ஒலிபெருக்கி அடுக்கிய லாரியிலிருந்தோ, சக்கரச் சட்டத்தில் ஏற்றிய ஸ்டீல் பான்களிலிருந்தோ (எண்ணெய் பீப்பாயில் செய்த சுர வாத்தியம்) வரும். படத்தின் பின்னணியில் அப்படி ஒரு லாரி தெரிந்தால் அது ரியோவில் 'சம்பா பள்ளி' எனப்படும் நடனக் குழுக்களின் அணிவகுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு.

தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் வரும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும்தான் கார்னிவல். 2027-இல் பிப்ரவரி 8, 9. சட்டப்படி அவை பொது விடுமுறை நாட்கள் அல்ல. ஆனால் அன்று கடை திறப்பவர் யாரும் இல்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு பனோரமா என்ற ஸ்டீல் பான் இறுதிப் போட்டி. ஞாயிறு இரவு திமான்ஷ் கிரா என்ற மேடை நிகழ்ச்சி. திங்கள் விடியற்காலை 4 மணி வாக்கில் ஜூவே தொடங்கும்: சேறு, சாயம், கொக்கோக் குழம்பு, எண்ணெய் பூசிய கூட்டம் இருட்டில் இறங்கி வரும். திங்கள் பகலில் அரை வேடம், செவ்வாய் முழு வேடம், செவ்வாய் நள்ளிரவோடு எல்லாம் முடிந்தது. புதன்கிழமை பாதிப் பேர் நெற்றியில் சாம்பல் வாங்கக் கோயிலுக்கும், மீதிப் பேர் கடற்கரைக்கும் போவார்கள். ஆக, இறகு உடைப் படத்துக்கு 'திங்கள் அதிகாலை' என்று குறிப்பு எழுதினால் அது தப்பு. அந்த நேரத்தில் இறகு அணிந்து யாரும் வரமாட்டார்கள். வந்தால் சேற்றில் போகும்.

இந்தக் கொண்டாட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தது' என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். பாதிதான் உண்மை. ஸ்பானிய அரசு 1783-இல் வெளியிட்ட ஆணையை நம்பிப் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் அடிமைகளோடு வந்து குடியேறினார்கள். முகமூடி நடன விருந்துகள் அவர்களுடையவை. வீதி அவர்களுடையது அல்ல. 1834-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து, 1838-இல் முழு விடுதலை வந்தபின் வீதியில் இறங்கியவர்கள் ஆப்பிரிக்க வழியினர். கரும்புத் தோட்டம் தீப்பிடித்தால் சாட்டையடியோடு அடிமைகளைத் திரட்டிப் போன நினைவை, தீப்பந்தமும் கம்பும் மேளமுமாக அவர்கள் நடித்துக்காட்டிய ஊர்வலம் கன்புலே. 1881-இல் காவல் தலைவர் பேக்கர் அதை அடக்க வந்தபோது போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பெரிய மோதல் வெடித்தது. 1884-இல் வந்த சட்டம் தோல் மேளத்தையும் தீப்பந்தத்தையும் கம்பேந்திய கூட்டத்தையும் வீதியிலிருந்து விரட்டியது.

இதே 1884-இன் அக்டோபர் 30 அன்று, தென்பகுதி ஊரான சான் பெர்னாண்டோவில் இந்தியக் கூலித் தொழிலாளர்களின் மொகரம் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச்சூடு நடந்து பலர் இறந்தார்கள். இந்த ஊர்வலத்தை அங்கே ஹோசே என்பார்கள். ஒரே ஆண்டில், ஒரே காலனி அரசு, இரண்டு மக்களின் மேளத்தையும் வீதியையும் பறித்தது. கார்னிவல் வரலாற்றை எழுதும்போது இந்த இரண்டையும் சேர்த்து எழுதாவிட்டால், இன்று கார்னிவல் வீதியில் ஒலிக்கும் சோகா இசை பின்னால் எப்படிப் பிறந்தது என்பது புரியாது.

மேளம் போனதும் மூங்கில் வந்தது. ஐந்தடி மூங்கிலைத் தரையில் குத்தினால் அடிநாதம். இரண்டு சிறு துண்டுகளின் முனைகளை மோதினால் நடுநாதம். இன்னும் சிறியதைத் தோளில் சாய்த்துக் குச்சியால் தட்டினால் மேல்தாளம். தாம்பூ பாம்பூ என்ற இந்த அணிகள் 1930-கள் வரை ஓடின. மூங்கில் அடிபட்டுப் பிளந்துகொண்டே இருந்ததால், பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி எல்லாம் அதன் இடத்தைப் பிடித்தன. அடிபட்டு நெளிந்த இடத்தில் சுரம் மாறுவதைக் கவனித்த இளைஞர்கள், தகரத்தில் சுரம் தேடத் தொடங்கினார்கள். முதலில் கண்டவர் வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன் என்று ஒரு சாரார், இல்லை என்று மறு சாரார். அந்த வழக்கு தீராது. 1940-களின் நடுவில் எல்லி மானெட் பெரிய எண்ணெய் பீப்பாயை எடுத்து, அதன் முகத்தை உட்பக்கமாகக் குழித்தார். இன்றைய பான் அங்கிருந்து தொடங்குகிறது.

பான் செய்முறையைத் தமிழில் யாரும் சரியாக எழுதிப் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

எடுப்பது 210 லிட்டர் எண்ணெய் பீப்பாய். விட்டம் ஏறத்தாழ 57 செ.மீ., தகட்டின் கனம் ஏறத்தாழ 1.2 மி.மீ. துளை இல்லாத அடிப்பக்கம்தான் முகமாகும். விளிம்பு நசுங்கிய பீப்பாயையும், உள்ளே துரு பிடித்ததையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். பின்னால் எந்த வேலையும் அதைக் காப்பாற்றாது. முகத்தில் சாக்பீஸால் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு போட்டு, கைப்பிடி குறுக்கிய கனத்த சம்மட்டியால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அடித்து இறக்குவார்கள். மெல்லிசை வாசிக்கும் டெனர் பானுக்கு 20 செ.மீ. ஆழம் வரை போகும். பேஸ் பானுக்கு அதில் ஏறத்தாழ பாதி போதும். இந்த இறக்கத்தில் நடுப்பகுதித் தகடு நீண்டு நீண்டு பாதிக் கனத்துக்கு மெலிந்துவிடும். அவசரப்பட்டு ஒரே இடத்தில் அடித்தால் கிழியும். கிழிந்தது பழைய இரும்புக்குத்தான். பிறகு இலகுவான சுத்தியலால் மேடு பள்ளம் தெரியாமல் தட்டிச் சமன் செய்ய வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து நிழல் நெளியவில்லை என்றால் சரி.

அடுத்தது சுரங்களின் எல்லையைக் குறிப்பது. அட்டை வார்ப்பை வைத்து வரைந்து, முனை மழுங்கிய ஆணி உளியால் கோட்டின் மேலேயே நெருக்கமாகப் புள்ளி வைப்பார்கள். இந்தக் காடிதான் ஒரு சுரத்தின் அதிர்வு பக்கத்துச் சுரத்துக்குப் பரவாமல் தடுக்கும் வேலி. உளி கூராக இருந்தால் தகடு வெட்டுப்பட்டு, பின்னாளில் அந்த வழியாகவே விரிசல் ஓடும். காடி ஆழம் போதாவிட்டால் ஒரு சுரத்தைத் தொட்டால் இரண்டு சுரம் பேசும். பிறகு பீப்பாயின் பக்கத்தை வெட்ட வேண்டும்: டெனருக்கு 15 செ.மீ. சுற்றுச்சுவர் விட்டால் போதும், கிட்டார் பானுக்கு 45 செ.மீ., பேஸுக்கு முழுப் பீப்பாய்.

அதன்பின் தீ. பழைய டயரையோ விறகையோ எரித்து, கவிழ்த்த பானை அதன் மேல் சில நிமிடம் காட்டுவார்கள். உலோகம் நீலம் பாய்ந்து வரும்போது எடுத்துவிட வேண்டும். சிலர் தண்ணீர் விட்டுக் குளிர்விப்பார்கள், சிலர் காற்றிலேயே விடுவார்கள். சுத்தியலடியால் தகட்டில் ஏறிய இறுக்கம் இந்தச் சூட்டில் தளர்ந்து, தகடு மொத்தமாகக் கெட்டிப்படும். தீ குறைந்தால் சுரம் நிலைக்காது. தீ மிஞ்சினால் தகடு இளகிப்போய், எத்தனை முறை சுருதி கூட்டினாலும் நாலு அடியில் இறங்கிவிடும். இதை அளக்கும் கருவி பட்டறைகளில் பெரும்பாலும் கிடையாது. நிறம் பார்க்கும் கண்தான் உண்டு.

சுருதி கூட்டுவது தனித் தொழில். பான் செய்யும் எல்லோருக்கும் அது வராது. ஒவ்வொரு சுரப் பகுதியையும் கீழிருந்து தட்டி மேலே எழுப்பி, மேலிருந்து தட்டி அடக்கி, மூன்று அதிர்வுகளை ஒன்றாக நிறுத்த வேண்டும்: ஆதார சுரம், அதன் மேல்ஸ்தாயி, அந்த மேல்ஸ்தாயியின் பஞ்சமம். ஆதார சுரம் மட்டும் சரியாக இருந்தால் தகர டப்பா போலத்தான் கேட்கும். மற்ற இரண்டும் சேரும்போதுதான் அந்த மணி நாதம் வரும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்துச் சுரம் கலையும், அதைத் திருத்தினால் அடுத்தது. இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் அந்தோனி வில்லியம்ஸ் சுரங்களைச் சிலந்திவலை அமைப்பில் அடுக்கினார். விளிம்பில் 12 சுரங்கள், பக்கத்தில் இருப்பது எப்போதும் பஞ்சமமோ மத்யமமோ. அதே சுரத்தின் மேல்ஸ்தாயி நேர் உள்ளே. பக்கத்துச் சுரம் தப்பித்தவறி அதிர்ந்தாலும் அது உறவுச் சுரமாகவே இருக்கும். நம் சங்கீதக்காரர்களுக்கு ஷட்ஜ-பஞ்சம உறவைச் சொல்லித்தர வேண்டியதில்லை; ஒரு பானைப் படத்தில் பார்த்தாலே கணக்கு புரிந்துவிடும். கடைசியில் குரோமியப் பூச்சு. பூச்சு ஏறியதும் சுருதி மறுபடி நகரும், ஆகவே இன்னொரு முறை கூட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் சுரம் இறங்கும். லாரியில் ஏற்றும்போது இடித்தால் கலையும். வெறியோடு ஓங்கி அடிப்பவர் கையில் ஒரு பருவத்திலேயே போய்விடும். டெனர் குச்சியின் முனையில் ரப்பர் சுற்றியிருக்கும், பேஸ் குச்சிக்கு முனையில் ரப்பர் பந்து. மணிக்கட்டால் தொட்டுத் துள்ளி எழ வேண்டும்.

ஒரு டெனரில் 28, 29 சுரங்கள் அடங்கும். ஆறு பேஸ் என்பது ஆறு முழுப் பீப்பாய்கள், ஒன்றுக்கு மூன்று சுரம். ஒருவரே சுற்றிச் சுழன்று வாசிப்பார். இப்படி டெனரிலிருந்து பேஸ் வரை அடுக்கி, பெரிய அணியில் 120 பேர் வரை நிற்பார்கள். நடுவில் 'எஞ்சின் ரூம்': டிரம் செட், காங்கா, சுரண்டி, மாட்டுமணி, கூடவே இரும்புக் கம்பியால் தட்டும் கார் பிரேக் டிரம். அந்தப் பிரேக் டிரம்காரர் தடுமாறினால் 120 பேரும் தடுமாறுவார்கள். 1963-இல் தொடங்கிய பனோரமாவில் முதல் வெற்றி, மேலே சொன்ன அந்தோனி வில்லியம்ஸின் நார்த் ஸ்டார்ஸ் அணிக்கு. எட்டு நிமிட வாக்கில் முடியும் ஒரு உருப்படிக்காக ஜனவரி முழுக்க இரவு இரவாகப் பான் யார்டில் பயிற்சி நடக்கும். பெரும்பாலோர் எழுதிய சுரக்குறிப்பைப் பார்ப்பதில்லை. இசையமைப்பாளர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் கையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு பெயரைத் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும். ஜித் சமரூ, இந்திய வம்சாவளி. ரெனிகேட்ஸ் அணிக்கு இசையமைத்து 1982 முதல் 1997 வரை ஒன்பது முறை பனோரமா வென்றவர். 1995, 96, 97 தொடர்ந்து மூன்று. பான் ஆப்பிரிக்கருடையது, இந்தியர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இரு தரப்பிலும் சிலர் பேசிவந்த காலத்தில் அவர் செய்த வேலை அது. பான் 1992-இல் தேசிய வாத்தியமாக அறிவிக்கப்பட்டது. நாட்டுச் சின்னத்தில் இருந்த கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டுப் பானை வைப்பதாக 2024-இல் அரசு அறிவித்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை வீதியில் பானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 120 பேரின் பான்களைச் சட்டத்தில் ஏற்றித் தள்ளிப் போக ஆள் வேண்டும், ஒரு பெரிய ஒலிபெருக்கி லாரி பக்கத்தில் வந்தால் பான் சத்தம் காணாமல் போகும். பணமும் லாரிக்கே சாதகம். வருத்தமான விஷயம்தான், ஆனால் அதுதான் நடப்பு.

அந்த லாரியிலிருந்து வருவது சோகா. இதைக் கலிப்சோ என்ற பழைய டிரினிடாட் பாட்டு வகையின் வேகமான வடிவம் என்று எழுதிவிடுகிறார்கள். வேகம் மட்டும் காரணமல்ல. கார்பீல்ட் பிளாக்மன் என்ற லார்ட் ஷார்ட்டி, இந்தியர்கள் நிறைந்த தென்டிரினிடாட் கிராமமான லெங்குவாவில் வளர்ந்தவர். கலிப்சோ சோர்ந்துவிட்டதாகப் பேச்சு எழுந்த 1970-களின் தொடக்கத்தில் டோலக், இரும்புக் கம்பித் தாளமான தந்தால், மாண்டலின் ஆகியவற்றைக் கலிப்சோவில் சேர்த்தார். கண்டனம் வந்தது. வாத்தியங்களைக் குறைத்துக்கொண்டு, அவற்றின் தாளத்தை மட்டும் டிரம் செட்டுக்கும் பேஸ் கிட்டாருக்கும் மாற்றிக் கொடுத்தார். இன்று நிமிடத்துக்கு 160 அடி ஓடும் வேக சோகாவின் முதுகெலும்பு அந்த மாற்றம். பின்னால் 1987-இல் துருபதி ராம்கூனை, அங்குள்ள இந்தியர்களின் சட்னிப் பாட்டையும் சோகாவையும் சேர்த்து, சட்னி சோகா என்ற பெயரிலேயே பாடினார். ஓர் இந்தியப் பெண் கார்னிவல் மேடையில் பாடுவதா என்று இந்தியர்களே எதிர்த்தார்கள், அவர் நிறுத்தவில்லை. பெண்கள் என்றதும் இன்னொன்று: வீதியில் அதிகம் ஒலித்த பாட்டுக்கான ரோடு மார்ச் பட்டத்தை 1977-இல் முதன்முதலில் வென்ற பெண் கலிப்சோ ரோஸ். அடுத்த ஆண்டு கலிப்சோ பட்டத்தையும் அவரே வென்றார். அதுவரை 'அரசர்' என்றிருந்த பட்டத்தின் பெயரையே மாற்றவேண்டி வந்தது.

சட்னி சோகா மேடைகளில் ஒலிக்கும் தாஸா மேளத்தைப் பார்த்துவிட்டு, 'நம் பறை அங்கே போயிருக்கிறது' என்று சமூக ஊடகங்களில் பெருமைப்படுவோர் உண்டு. தாஸா பறை அல்ல. அது வடஇந்திய மொகரம் ஊர்வலத்தோடு போனது. 1845 முதல் 1917 வரை டிரினிடாட்டுக்குப் போன ஏறத்தாழ 1.4 லட்சம் இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன போஜ்புரி, அவதி பேசுவோர்; சென்னைத் துறைமுகம் வழியாகப் போன நம்மவர் சிறுபான்மை. மண்கிண்ணத்தில் ஆட்டுத்தோல் கட்டிக் கழுத்தில் மாட்டி, இரண்டு மெல்லிய குச்சியால் அடிப்பது தாஸா. முன்னின்று வெட்டி வாசிப்பவர் 'கட்டர்', அடித்தாளம் பிடிப்பவர் 'புலே', கூடவே பெரிய டோலும் பித்தளைத் தாளமும். பறையைப் போலவே இதையும் தீயில் காய்ச்சித்தான் ஏற்ற வேண்டும். சற்று நேரத்தில் தளர்ந்துவிடும் என்பதால் குழுவோடு ஒரு தீமூட்டம் எப்போதும் இருக்கும். இப்போது செயற்கைத் தோலும் திருகாணியும் வந்து அந்தத் தீயை அணைத்துவருகின்றன. நம் தப்பு மேளம் உண்மையாகவே போய்ச்சேர்ந்த இடம் கயானாவின் காளி கோயில்கள். அது கார்னிவல் கதை அல்ல.

உடை விஷயத்துக்கு வருவோம். இரண்டு வேறு தொழில்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, ஆயிரக்கணக்கில் விற்கும் இறகு உடை. ஜூலை, ஆகஸ்டிலிருந்தே குழுக்கள் அடுத்த ஆண்டு மாதிரிகளை வெளியிடும். ஒவ்வொரு குழுவிலும் நிறம் நிறமாகப் பிரிவுகள். முன்வரிசை உடைக்கு முதுகில் பெரிய இறகுச் சட்டம், விலையும் அதிகம். பின்வரிசைக்குத் தலைப்பட்டியும் இடுப்புப்பட்டியும்தான். உடைகளில் கணிசமான பகுதி சீனாவில் செய்து வருகிறது என்பது அங்கே நெடுநாள் புகார். அணிபவர்கள் கவனிக்க வேண்டியது முதுகுச் சட்டத்தின் தோள்பட்டை. பஞ்சு வைக்காத பட்டை மதியத்துக்குள் தோலை உரித்துவிடும். சூட்டுப்பசையால் ஒட்டிய கல் வெயிலில் இளகி உதிரும், தைத்த கல் நிற்கும். இறகு மழையில் நனைந்தால் ஈர்க்குச்சியாகிவிடும். 1972-இல் போலியோ பரவியதால் கார்னிவலை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள், மழை பிடித்துக்கொண்டது. வறண்ட மாதத்தில் நடப்பதன் அருமை அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னொன்று கம்பி வேலை. குழுக்களின் தலைமை வேடங்களான அரசர், அரசி வேடங்கள் இதில்தான் பிறக்கின்றன. துத்தநாகம் பூசிய கம்பியைக் கையாலும் குறடாலும் வளைத்துச் சிங்கமோ தும்பியோ உருவாக்கி, இணைப்புகளை நாடாவாலோ மெல்லிய கம்பியாலோ இறுக்கிக் கட்டுவார்கள். பற்றவைத்தால் அந்த இடம் ஆட்டத்தில் முறியும், கட்டினால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். தலை, முகமூடிக்குக் களிமண் அச்சு. அதன் மேல் வாஸ்லைன் தடவி, மாவுப்பசையில் நனைத்த பழுப்புத் தாளைப் பல அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் கழற்றுவார்கள். வாஸ்லைன் தடவ மறந்தால் அச்சோடு சேர்த்து உடைக்க வேண்டியதுதான். பெரிய வேடத்தில் பளுவைத் தாங்குவது இடுப்பும் சிறு சக்கரங்களும். ஆனால் பளுவைவிட பெரிய எதிரி காற்று. மேடை இருக்கும் சவானா திடல், போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏறத்தாழ 260 ஏக்கர் திறந்தவெளி. துணி இழுத்துக் கட்டிய இறக்கை அங்கே பாயாக மாறி ஆளையே தள்ளிக்கொண்டு போகும். வலை, துளை, விரியும் மடிப்பு என்று காற்று போக வழி விட்டவர்கள்தான் மேடையைக் கடப்பார்கள்.

இந்தக் கலையை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனவர் பீட்டர் மின்ஷல். கண்ணாடியிழைக் கம்பிகளை ஆடுபவரின் உடம்போடு இணைத்து, அவர் கால் எடுத்துவைத்தால் வேடம் முழுக்க அசையும்படி செய்தார். 1990-இல் அவர் செய்த டான் டான், சாகா பாய் என்ற இரண்டு ராட்சதப் பொம்மைகள், உள்ளே நின்ற ஆட்டக்காரர்களின் கால்களோடு கட்டப்பட்டு அவர்கள் நடையையே நடந்தன. 1983-இல் 'நதி' என்ற குழுவில் திங்களன்று ஆயிரக்கணக்கானோரை வெறும் வெள்ளை உடையில் இறக்கி, செவ்வாயன்று அவர்கள் மேல் சாயத்தைத் தெறிக்கவிட்டார். நதி மாசுபட்ட கதையை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்கவிழாக்களில் அவர் பணியாற்றியது இதன் தொடர்ச்சிதான்.

பழைய வேடங்களைப் பற்றியும் படம் கிடைத்தால் போடலாம். அகன்ற தொப்பியும் மேலங்கியும் போட்டு, வழிமறித்து வாய்வீச்சால் மிரட்டிக் காசு கேட்கும் நள்ளிரவுக் கொள்ளையன். பாரமின் மலைக்கிராமத்திலிருந்து இறங்கும் நீலப் பேய்கள், தகர டப்பாத் தாளத்தோடு. இடுப்பில் கழுதை உருவக் கூடு மாட்டி ஆடும் புரோகீட். அதன் இந்திய வழி வடிவத்துக்குச் சுமாரி என்று பெயர். பொய்க்கால் குதிரை தெரிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும், ஆனால் இங்கே கட்டைக்கால் கிடையாது. கட்டைக்கால் தனியாக மோகோ ஜம்பியிடம் இருக்கிறது. பத்தடிக்கு மேலும் போகும் கட்டையில் கணைக்காலோடு பட்டை கட்டி நடப்பார்கள். கற்கும்போது இரண்டடிக் கட்டையில் தொடங்கி ஏறுவார்கள். அசையாமல் நின்றால் விழுவார்கள். அதனால்தான் பேசும்போதும் கால் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பட்டை தளர்ந்தால் கட்டை பக்கவாட்டில் திரும்பிக் கணுக்கால் போய்விடும் என்பதால் முடிச்சை இன்னொருவர் சோதிப்பது வழக்கம்.

ஊர்வலம் நகரும் விதத்தில் ஒரு தீராத சிக்கல் உண்டு. ஒவ்வொரு பெரிய குழுவும் டவுன்டவுன், பிக்கடிலி, ஆடம் ஸ்மித் சதுக்கம், சவானா ஆகிய இடங்களில் நடுவர்களைக் கடக்க வேண்டும். எல்லோருக்கும் சவானா மேடைதான் குறி. மேடையில் ஒவ்வொரு பிரிவும் படத்துக்கு நின்று ஆடும். பல ஆயிரம் பேர் கொண்ட குழு ஒன்று மேடையில் இருக்கையில், பின்னால் வரும் குழுக்கள் வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும். இரண்டு லாரிகளுக்கு நடுவே போதிய இடைவெளி இல்லாவிட்டால் இரண்டு பாட்டும் மோதி எதுவும் கேட்காது. நெரிசலில் அந்த இடைவெளிதான் முதலில் காணாமல் போகும். மது வண்டி, உணவு வண்டி, கழிவறை லாரி எல்லாம் குழுவோடு சேர்ந்து நகர்வதால் பின்னால் திரும்பவும் வழியில்லை. பாதுகாவலர்கள் குழுவைச் சுற்றிக் கயிறு பிடித்து நடப்பார்கள். உடை வாங்காதவர் உள்ளே நுழையக் கூடாது என்பதற்கு. வீதியை மீட்க ரத்தம் சிந்திய ஒரு விழாவில் அந்தக் கயிற்றைப் பார்த்தால் எரிச்சல் வருவது இயல்பு.

கார்னிவல் எல்லாத் தீவிலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்படாஸில் அது கரும்பு அறுவடையோடு ஒட்டி ஆகஸ்ட் தொடக்கத்தில் முடிகிறது. மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் சாம்பல் புதனன்றும் ஊர்வலம் உண்டு. கறுப்பும் வெள்ளையும் உடுத்தி, வவால் என்ற கார்னிவல் அரசனின் பொம்மையை அன்று எரிப்பார்கள். 1853, 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் போய்ச்சேர்ந்த தீவுகள் இவை. பெண்களின் மரபு உடையில் வரும் கட்டம் போட்ட துணிக்கு அங்கே பெயரே 'மதராஸ்'. தமிழர்கள் போகும் முன்பே கப்பலில் போன நம் நெசவு அது. தமிழ்த் தொடர்பு வேண்டுமென்றால் தாஸாவை விட்டுவிட்டு இந்தத் துணியைத் தேடலாம்.

லண்டனிலும் டொரன்டோவிலும் உள்ள உங்கள் வாசகர்களுக்கு டிரினிடாட் வரை போகவேண்டிய அவசியமில்லை. டொரன்டோவில் 1967-இல் தொடங்கிய ஊர்வலம் ஆகஸ்டின் முதல் வார இறுதியை ஒட்டி, ஏரிக்கரைச் சாலையில் நடக்கிறது. லண்டனில், 1959-இல் கிளாடியா ஜோன்ஸ் ஒரு மண்டபத்துக்குள் நடத்திய விழா ஒரு வேர். 1966-இல் நாட்டிங் ஹில்லில் ரசல் ஹெண்டர்சனின் குழு கழுத்தில் பான் மாட்டித் தெருவில் இறங்கியது இன்னொரு வேர். அக்குழுவில் இருந்த ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட், 1951-இல் பிரிட்டன் விழாவில் வாசிக்க டிரினிடாட்டிலிருந்து வந்த பான் அணியில் ஒருவராக வந்து அங்கேயே தங்கியவர். ஆகஸ்ட் கடைசி வார இறுதியில் ஞாயிறு குழந்தைகளுக்கு, திங்கள் பெரியவர்களுக்கு. கூட்டம் பிடிக்காதவர்கள் அதற்கு முந்தைய சனிக்கிழமை பான் அணிகளின் போட்டிக்குப் போகலாம். லாரிச் சத்தம் குறுக்கே வராமல் டெனர் முதல் பேஸ் வரை பிரித்துக் கேட்க அதுதான் வாய்ப்பு. பிரேக் டிரம் அடிப்பவருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். மற்ற வாத்தியம் எதுவும் காதில் விழாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்